அதிகம் பேசாதவர்களில் இரண்டு வகை

ஓசூர், வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கேன்டீனில் ஜன்னலோர மேசையை விட்டுச் சுவரோர மேசைக்கு மாறுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். உங்களுக்குத்தான் முதலில் தெரிவிக்கிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

போன வாரம் கம்பெனியில் எங்கள் குணத்தைச் சோதித்தார்கள். கெலமங்கலத்துச் சென்னம்மாவும் நானும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். ஜன்னலோர மேசையில் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம்; நீங்கள் அனுப்பும் ஊறுகாயில் பாதி அவளுக்குத்தான். இருவரும் அதிகம் பேசமாட்டோம். ஆனாலும் நான் ‘உள்முகச் சிந்தனை’, அவள் ‘உள்முக உணர்வு’ என்று முடிவு வந்தது. சிந்தனைக்காரர் ‘இது முரணில்லாமல் இருக்கிறதா’ என்று தனக்குள் கேட்பாராம். உணர்வுக்காரர் ‘இதற்கு என் மனம் ஒப்புகிறதா’ என்று கேட்பாராம். வெளியே வித்தியாசம் தெரியாதாம்.

மறுநாளே தெரிந்தது. கை உள்ளே போனால் பிரஸ் மெஷினை சென்சார் நிறுத்த வேண்டும், நிறுத்தவில்லை. ‘சென்சார் வேலை செய்கிறது’ என்ற தாளில் கையெழுத்திட இருவருமே மறுத்தோம். சூப்பர்வைசர் மாதேஸ்வரன் ‘சென்சார் பொருத்தப்பட்டுள்ளது’ என்று புதுத் தாள் அடித்து வந்தார். பொருத்தித்தான் இருந்தது. முரண் இல்லாததால் நான் கையெழுத்திட்டேன்.

“பேப்பருதான மாறிச்சு, மெஷினு அப்பிடியேதான இருக்குது? என்னால ஆகாதுங்ணா” என்றாள் சென்னம்மா.

“அவளே போட்டுட்டா. உனக்கு மட்டும் என்னம்மா தனியா ஒரு மனசு?” என்றார் அவர், என்னைக் காட்டி.

திங்கட்கிழமை அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மெஷின் ஓடுகிறது. பயப்படாதீர்கள், அதில் வேறு பெண்கள்தான் நிற்கிறார்கள்.

குளிர் அதிகம், பழைய போர்வையை அனுப்புங்கள். கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஊறுகாய் இந்த முறை சிறிய பாட்டிலில் போதும்.

சுகுணா