கெமராவில் வராத பூனை

உம்மா, காலையிலிருந்து பெட்டைக் கரிச்சான் குருவியைக் காணவில்லை. வேப்பமரத்துப் பெட்டிக்குள் குஞ்சுகள் கத்துவது கெமரா வழியாகப் போனில் கேட்கிறது. ஆண் மட்டும் புழுவோடு இரண்டு தடவை வந்து போனது. மத்தியான ளுஹர் பாங்கும் சொல்லியாயிற்று. எனக்குக் கை வேலை ஒன்றும் ஓடவில்லை.

நீங்கள் இருந்தால் இதற்குள் பத்துத் தடவை போனில் கோல் எடுத்திருப்பீர்கள்.

நீங்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தம்பிக்கு இரண்டு வயது. அவனைப் பார்க்க நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வாப்பா கடலுக்குப் போனால் நாங்கள் தனி என்று பயந்து, அங்கிருந்து நம்மூர் கண்டக்குழிக்குத் திரும்பி வந்த ஒருவரிடம் இந்தக் கெமராவைக் கொடுத்தனுப்பினீர்கள். வாப்பா அதைக் குசினி வாசலைப் பார்க்கிற மாதிரி சுவரில் உயரமாகப் பூட்டினார். அங்கிருந்து போனில் பார்ப்பது நீங்கள்தான் என்று தெரிந்தும், தேங்காய் துருவும்போதுகூட எனக்குக் கூசியது. மூன்றாம் நாள் கதிரையில் ஏறி அதை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். வாப்பா மீன்பெட்டிப் பலகையில் அடித்துக் கட்டிய பெட்டிக்குள் அப்போதுதான் கரிச்சான் சோடி நார் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

"குருவி பாக்கவா மகள் நான் கெமரா அனுப்பின?" என்று கேட்டீர்கள். ஏசவில்லை. பிறகு, அங்கே வீட்டுக்காரர்கள் படுக்கும் மத்தியானங்களில் கோல் வரத் தொடங்கியது.

"மகள், பூனை! பெட்டிக்குக் கீழ நிக்குது. கெதியா ஓடு!"

நான் விளக்குமாற்றோடு ஓடுவேன். பூனை இருக்காது.

"எங்க உம்மா பூனை?"

"இப்பதான் வேலியால பாஞ்சிச்சு. நீ ஆமை மாதிரி வந்தா அது நிக்குமா?"

சிரிப்பீர்கள். அந்த முறை குஞ்சுகள் பறந்து பெட்டி வெறுமையான பிறகும் உங்கள் பூனை வந்துகொண்டேயிருந்தது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

நெஞ்சுவலி வந்து நீங்கள் மௌத்தாகி, அங்கேயே அடக்கி நான்கு மாதமாகிறது. உங்கள் பேக் போன கிழமைதான் வந்தது. நேற்று உங்கள் போனுக்குச் சார்ஜ் போட்டுத் திறந்தேன். கெமராவிலிருந்து நீங்கள் எடுத்து வைத்த படங்கள் நிறைய இருந்தன. குருவிப் படம் இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் நான். விளக்குமாற்றோடு ஓடுகிறேன். முக்காடு நழுவியிருக்கிறது. ஒரு காலில் செருப்பில்லை. ஒன்றில் மேலே பார்த்து முறைக்கிறேன். ஒவ்வொன்றாகப் பெரிதாக்கித் தேடினேன். ஒன்றிலும் பூனை இல்லை.

இன்றைக்கு உண்மையிலேயே பூனை வந்தால் எனக்கு யார் சொல்வது? போனைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருக்க முடியவில்லை. தம்பியையும் இதை எழுதும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வெளியே வளவுக்கு வந்து, குருவி மிரளாத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கெமரா நேரே என் முகத்தைப் பார்க்கிறது. முக்காட்டை இழுத்து மறைக்கவில்லை, உம்மா. பெட்டை வரும்வரை இப்படியே இருப்பேன்.