முள்முனையில் நிற்காத தேற்றம்

என் கலைக்கு,

அண்ணி என்று கூப்பிடச் சொல்லி அம்மா எவ்வளவோ திட்டினாள். எம்.எஸ்ஸி.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தால் வாய் எப்படி மாறும்?

நீ வெள்ளிமலைப் பக்கம் பள்ளி வேலைக்குப் போனாய். நான் ஆராய்ச்சிக்கு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ரிஷிவந்தியம் வீட்டில் என் கட்டுரையை உன்னிடம் நீட்டியது பாராட்டு வாங்கத்தான். கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த புள்ளி எதுவானாலும் அங்கே என் சமன்பாடு பொருந்தும், அதற்கான பெருக்கிகள், அதாவது சரிவுகளைச் சமன்செய்யும் எண்கள், கிடைக்கும் என்பது என் தேற்றம். நீ ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டாய். ஒன்று நேராக, இன்னொன்று வளைந்து வந்து அதைத் தொட்டது. நடுவிலிருந்த இடம் முள்முனையாகக் கூர்ந்து முடிந்தது.

"சிறந்த புள்ளி இந்த முனையிலயே இருந்தா இன்னாடி ஆவும்?" என்று கேட்டாய்.

"அதெல்லாம் எங்க வரப்போவுது? நீ போய் பசங்களுக்குப் பின்னம் சொல்லிக்குடு" என்றேன்.

நீ காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாய். அப்புறம் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை. பத்தாம் நாள், மழையில், மலை இறங்கும் வளைவில் உன் வண்டி சறுக்கியது. நீ வீடு திரும்பவில்லை.

ஆய்விதழில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள், கலை. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பென்சில் உரசுவது கேட்கிறது. நான் எடுக்கும் வகுப்பில் யாராவது கை தூக்கினால், உன் கேள்விதான் வரப்போகிறது என்று பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நீயா கேட்கிறாய், நானா?

போன வாரம் பயந்துகொண்டே உன் முனையைக் கணக்குப் போட்டேன். அங்கே இரண்டு கட்டுப்பாடுகளின் சரிவும் மேலும் கீழுமாக எதிரெதிரே நிற்கின்றன. எதைச் சிறப்பாக்கத் தேடுகிறோமோ அந்த இலக்கின் சரிவோ பக்கவாட்டில் போகிறது. எந்த எண்ணால் பெருக்கினாலும் சேரவில்லை. சிறந்த புள்ளி அதுவேதான்; என் தேற்றத்துக்குத்தான் அது தெரியவில்லை. கட்டுப்பாடுகளுக்கே ஒரு தகுதி வேண்டும், அவற்றின் சரிவுகள் இப்படி எதிரெதிரே நிற்கக் கூடாது என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். நெறியாளர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணனிடம் சொன்னபோது, "அவ சொன்னது சரிதானாம்மா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். உன் பள்ளிக்கூடப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இனி ஆய்வேட்டில் அந்தத் தகுதி முதல் வரியிலேயே இருக்கும். இந்த முள்முனை எடுத்துக்காட்டு யாருடையது என்று தேர்வாளர்கள் கேட்டால் உன் பெயரைச் சொல்வேன். கேட்காவிட்டாலும், அன்று நான் உன்னிடம் சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன். இது சத்தியம், அண்ணி.

உன் நாத்தனார்,
தமிழ்ச்செல்வி