ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஜூன் 3, திங்கள்
மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் பதினெட்டு வருடமாக ஜீப் ஓட்டுகிறேன். இன்று டாக்டர் ஒரு குண்டைப் போட்டார். பிரஷர் 170/104. இறங்காவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்கும் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டாராம். ஜூலை இருபதோடு லைசென்ஸ் முடிகிறது.
"மாத்திரை தினமும் போடறீங்களா மனுவேல்?"
"போடறனுங்க டாக்டர்."
கூசாமல் சொன்னேன். அதை நம்பி, பாவம், இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதிவிட்டார்.

ஜூன் 9, ஞாயிறு
உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். முதலிலிருந்தே தரும் பிரஷர் மாத்திரை நீர் பிரியும் மாத்திரை. காலையில் போட்டால் முக்கால் மணி நேரத்தில் முட்டிக்கொண்டு வரும். அப்போது எஸ்டேட் கூலி வேலைக்குப் போகும் பதினாலு பேரோடு பாதி வழியில் இருப்பேன். எட்டு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வருகை குறிக்கும் எஸ்டேட் ரைட்டர் அந்த ஆட்களின் பேரை எழுத மாட்டார், அன்றைய கூலி போச்சு. இதில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நான் புதருக்குள் போவதா? அதனால் ஜீப் ஓடாத ஞாயிறு மட்டும் போடுகிறேன். இன்று பிரசங்கத்தின் நடுவே இரண்டு முறை எழுந்து போனேன். ஃபாதர் முறைத்த முறைப்பில் மூன்றாவதை அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 10, திங்கள்
லைசென்ஸ் போய்விட்டால்? எனக்கு வேறென்ன தெரியும்?

ஜூன் 11, செவ்வாய்
நர்ஸ் சசிகலாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். டாக்டரிடம் அவரே பேசி, புதிதாகச் சேர்த்த மாத்திரையை எடுக்க வைத்தார்.
"ஏனுங்கண்ணா, கை காட்டுன எடத்துலயெல்லாம் நிறுத்தறீங்க. பள்ளிக்கூடத்துக்கிட்ட கக்கூஸ் இருக்குது, அங்க அஞ்சு நிமிசம் நிறுத்துனா என்னங்க?"


ஜூன் 12, புதன்
மாத்திரை போட்டேன். ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, கழிப்பறை அருகே நிறுத்தினேன். "அஞ்சு நிமிசமுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு நான் கீழே கால் வைப்பதற்குள் பின்னாலிருந்து நான்கு பெண்கள் இறங்கி ஓடிவிட்டார்கள்.

ஜூன் 20, வியாழன்
இப்போது கழிப்பறைக்கு ஏழு பேர் இறங்குகிறார்கள். நேரம் போதவில்லை.

ஜூலை 10, புதன்
132/84. டாக்டர் கையெழுத்துப் போட்டார்! உடனே என் மனைவி தேவகுமாரிக்குப் போன் செய்தேன். அவள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.
வெளியே சசிகலா, என் ஜீப்பில் தினமும் களையெடுக்க வரும் பூவாயி அக்காவுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இறங்கியிருந்தது.
"மூணு வருசமா எறங்காதது இப்ப எப்புடிங்கக்கா?"
அக்கா என்னைக் காட்டினார். "இவரு இப்பத்தான கண்ணு வண்டிய நிறுத்தறாரு. முன்னெல்லாம் மாத்திரையப் போட்டுட்டு இதுல எப்புடி ஏறறது?"
டாக்டரை ஏமாற்றியது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. நாளையிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.