ஆர்க்கிட் செடியில் அப்பா வெட்டியது

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். நாங்கள் என்று எழுத வந்த கையை நிறுத்தி நான் என்று போட்டிருக்கிறேன், காரணம் போகப் போகத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும், அந்தக் குளிரில் ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. இதை ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஃபோனை எடுத்தாலே உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அவர் வெளியே போகும் நேரம் உனக்கு வேலை நேரம். அதோடு வாயால் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். இப்போது பட்டன் கடைக்குப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ விட்டுப்போன ஆர்க்கிட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினேன் இல்லையா, "என்னம்மா இது ஒட்டகம் மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது, வெளிச்சமே படலையா" என்று கேட்டாய். நீ கேட்டது சரி. காலை வெயில் திரைத்துணி வழியாக இதமாக விழும் ஜன்னலோரத்தில் நீ வைத்தாய், போட்டோ எடுத்தபோது அது அங்கே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் உன் அப்பா தையல் மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, செடியைப் பீரோ பக்கத்து மூலைக்குத் தள்ளிவிட்டார். முப்பது வருஷம் சுவரோரமே தைத்த மனுஷனுக்கு இப்போது என்ன ஜன்னல் கேட்கிறது, தெருவை வேடிக்கை பார்க்கவா என்று சண்டை போட்டேன். அவர் பாட்டுக்கு மிஷினில் உட்கார்ந்துவிட்டார். மூலையில் இலையெல்லாம் கரும்பச்சையாக நீண்டு துவண்டது, அடி இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தண்டு மொட்டையாக நின்றது. நீ எழுதி அனுப்பிய குறிப்பை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், பழுப்பாகி அழுத்தினால் உள்ளே வெறும் கூடாக இருக்கும் வேரை மட்டும் வெட்டணும், தொட்டிக்கு வெளியே தொங்கினாலும் கெட்டியாகப் பச்சை நுனியோடு இருக்கும் வேரைத் தொடக்கூடாது, கத்தரியைத் தீயில் காட்டித் துடைக்கணும் என்று ஒன்று விடாமல். கத்தரி என்றதும் "அது என் டிபார்ட்மென்ட், நீ தள்ளு" என்று உட்கார்ந்துவிட்டார், நானும் அடுப்பைப் பார்க்கப் போனேன். வந்து பார்த்தால் உயிருள்ள வேரெல்லாம் தரையில் கிடக்கிறது, காய்ந்தது அத்தனையும் அப்படியே தொங்குகிறது. இரண்டு வருஷம் கழித்து இலை இடுக்கில் விரல் நீளம் வந்திருந்த பூத்தண்டும் போயிற்று. பத்தடி தள்ளி நின்று சட்டையில் நூல் பிசிறைக் கண்டுபிடிக்கிறவர்! எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, கண்ணை எங்கே வச்சிக்கிட்டு வெட்டினீங்க என்று கேட்டுவிட்டேன். ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கிற மனுஷன் குனிந்து, தரையைக் கையால் தடவித் தடவிப் பொறுக்கினார். ஒரு வேர் அவர் காலடியிலேயே கிடந்தது, அதை விட்டுவிட்டு எழுந்தார்.

அதன்பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிகிறது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவது, எதிர்வீட்டு டீச்சர் கறுப்புச் சட்டையில் நீல நூல் ஓடியிருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தது. கண்ணாடிக்கடைக்காரரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது கண்ணாடியில சரியாகிற விஷயமில்லம்மா, சர்க்கரை இருக்கிறவரு, டாக்டர் கண்ணுக்குப் பின்னாடி பாக்கணும், தள்ளிப்போடாதீங்க" என்றார். மூன்று வாரமாகிறது, உன் அப்பா நாளைக்கு நாளைக்கு என்கிறார். தைக்கக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். எனக்கும் பயம்தான் பாப்பா, அது வேறு பயம். ஒவ்வொரு நாளும் பார்வை எவ்வளவு போகிறதோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன். நீ சொன்னால் கேட்பார். லீவு கிடைப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அதனால் வர வேண்டாம், ஃபோனில் கண்டித்துச் சொல். செடிப் பேச்சை மட்டும் எடுக்காதே. அதை மிஷின் பக்கத்திலேயே ஜன்னலில் வைத்திருக்கிறேன், இரண்டு வேர் மிச்சம் இருக்கிறது, பிழைக்குமா என்று எனக்குத் தனியாகச் சொல்.

இதுவரை எழுதியிருந்தபோதே அவர் வந்துவிட்டார். நான் எழுதும் கடிதத்தை வாங்கிப் படித்து அடியில் தன் பங்குக்கு ஒரு வரி எழுதுவாரே, அதற்காகக் கையை நீட்டினார். மறைக்க முடியவில்லை. தன்னைப் பற்றி இத்தனையும் எழுதியிருப்பதைப் படித்தால் என்ன ஆகுமோ என்று பக்கத்திலேயே நின்றேன். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார். "நல்லா எழுதியிருக்க, எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல" என்று சிரித்தார். பேனாவை வாங்கி, அப்பா நலம் என்று எழுதிக் கொடுத்தார். அப்போது கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தது, அவர் எழுதியது என் வரிகளின் மேலேயே ஏறிக் கிடக்கிறது, நீயே பார்ப்பாய்.

வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட் போட்டதும் எனக்கு மறக்காமல் மெசேஜ் போடு, அவருக்கு எதைப் படித்துக் காட்டுவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்து நிற்கும்,
அம்மா