நீ ஏற்றிக் கொடுத்த லினக்ஸ்

மடிக்கணினியைத் திறந்தாலே அந்த அறிவிப்பு வந்து நிற்கிறது. இந்த லினக்ஸ் பதிப்பின் ஆயுள் முடிகிறதாம், புதியதற்கு மாற வேண்டுமாம். எல்லாம் தமிழில் வரட்டும் என்று வைத்தவள் நீதான். "ஆயுள்" என்ற சொல்லை அங்கே போட்டவர் யாரோ, அவர் கையில் கட்டி முளைக்க. சில வாரமாக அதை மூடி மூடி வைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் இருவரும் வக்கீல் ஆபீசில் அடுத்தடுத்த மேசையில் தட்டச்சு செய்த காலம் போய், என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்த பிறகு, நான் இந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிக்குள் அடைந்துவிட்டேன். கிள்ளான் அச்சகம் ஒன்றுக்குக் கல்யாண அட்டையும் கருமக்கிரியை அட்டையும் தட்டிக் கொடுப்பது ஒன்றுதான் எனக்கு வெளியுலகம். அதற்கும் வந்தது ஆபத்து. இதே மடிக்கணினி பழசாகிவிட்டது, அதற்கு இனி பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடையாது என்றார்கள். பாதுகாப்பில்லாத கணினியிலிருந்து ஃபைல் அனுப்பாதே என்று அச்சகமும் சொல்லிவிட்டது.

நீ கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தாய். ஒரு கையில் கடையில் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணிய புட்டு மாயாம், நம் இடியாப்பம்தான், இன்னொரு கையில் பென்டிரைவ்.

"புதுசெல்லாம் வேணாம் லா. இதுலயே பழச எடுத்துட்டு, இனாமா கிடைக்கிற லினக்ஸ் போட்டுடலாம். மெனு எல்லாம் பழைய மாதிரியேதான் இருக்கும்டீ."

"கெட்டுப்போச்சுன்னா?"

"முதல்ல காப்பி எடு, அப்புறம் கை வை. கெட்டா கெடட்டும்."

போட்டாய். சொன்னபடியே சுலபமாகத்தான் இருந்தது. என் அட்டைகளைத் திறந்தபோதுதான் உயிரே போனது. மணமகன் பெயரும் இல்லை, முகூர்த்த நேரமும் இல்லை. ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக நொறுங்கிக் கிடந்தது. "எல்லாம் போச்சுடீ, பாவி!" என்று கத்தினேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஒண்ணும் போகல. நாம இத்தன வருசமா தட்டுனது உள்ளுக்குள்ள இங்கிலீஷ்டீ. மேல போட்ட சட்டைதான் தமிழ். அந்தச் சட்டைய எடுத்து வர மறந்துட்டோம், அவ்ளோதான்."

காப்பியிலிருந்து பழைய எழுத்துருவை எடுத்துப் போட்டாய், தமிழ் திரும்பி வந்தது. அதோடு விட்டாயா? எந்தக் கணினிக்குப் போனாலும் தமிழாகவே இருக்கிற ஒருங்குறியில்தான் இனி தட்டவேண்டும் என்று, ஐம்பது தாண்டிய விரல்களைப் புதிதாகப் பழக வைத்தாய். வாரா வாரம் நீ வர, பழைய அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். உன்னைத் திட்டாத நாளில்லை. நீ வராத வாரம் இந்த வீடு எனக்கு வீடாகவே இல்லை.

பிறகு உனக்கு மாரடைப்பு என்று போன் வந்தது. இவரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினேன், ஒருவரும் கிடைக்கவில்லை. உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிள்ளான்வரை என்னால் வர முடியவில்லை. உன் கருமக்கிரியை அட்டையை மட்டும் இந்தக் கணினியில் நானே தட்டினேன். உன் பெயரில் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை.

அதனால்தான் அந்த அறிவிப்பை மூடிக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கு ஏற்ற பெரிய எழுத்து, கைக்கு எட்டும் இடத்தில் ஃபைல்கள், எல்லாம் நீ வைத்துப் போனது. மாறினால் உன் கைபட்டது கலைந்துவிடும். மாறாவிட்டால் அச்சகம் பழைய பாட்டைத் திரும்பப் பாடும், இருக்கிற ஒரு ஜன்னலும் சாத்திக்கொள்ளும். இப்படியும் முடியவில்லை, அப்படியும் முடியவில்லை.

இன்று காலை எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு அந்த அறிவிப்பை அழுத்தினேன். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இவர் கூப்பிட்டார். திருப்பிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு வந்து பார்த்தால் கணினி தானே அணைந்து மறுபடி எழுந்திருந்தது. நீ வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. அட்டைகள் எல்லாம் திறந்தன. கெட்டுப்போயிருந்தால் உன்னைத் திட்டியபடி ஒரு பாட்டம் அழுதிருப்பேன். அதற்கும் நீ வழி வைக்கவில்லை.

கிள்ளானுக்கு ஒரு கல்யாண அட்டை போகவேண்டும், உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். வாசலைத் தாண்டி இன்றும் நான் போகப்போவதில்லை. ஆனால் இந்தக் கணினிக்கு என்ன வந்தாலும் இனி எனக்கே பார்த்துக்கொள்ளத் தெரியும். உன்னைக் கூப்பிடக் காரணமே இல்லாதபடி எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்கு அதுதான்டீ தாங்கவில்லை.