எதிர்வரிசை இல்லாத ஆடல்

நலம் பெருகுக. வான் தொடும் வெண்சிகரங்களைக் குடையாகவும் வற்றா ஊற்றுகளைக் கருவூலமாகவும் உடைய பனிவரை நாட்டின் வேந்தர் உதயவரைத் தேவரின் திருவுள்ளப்படி, முதலமைச்சர் தொல்லறிவனார் எழுதி விடுக்கும் திருமுகம். வடகணவாயின் தலைக்காவலரும் உறைபனியிலும் உறங்காக் கண்ணினருமான நெடுவேலர் நின்றவாறே இதைக் கேட்டருள்க. உம் கோட்டையும் குடியும் குதிரைகளும் இனிது வாழ்க.

காசுமீரத்து ஆடல் மகளிரைக் கணவாயில் தடுத்து நிறுத்துமாறு, அவை ஒழுங்கு அதிகாரி திண்ணியனார் விடுத்த ஓலை உமக்கு வந்து சேர்ந்திருக்கும். அவ்வோலையில் ‘அவமதித்தார்’ என்னும் வினைக்கு அம்மகளிரை எழுவாய் ஆக்கியது பிழை. நடந்தது இது.

குங்குமப்பூக் கொய்து முடிந்ததும், பெருந்தேவி கொங்கலர் நாச்சியாரின் அழைப்பை ஏற்று, போஷ்மால் என்னும் அம்மை தம் தோழியரோடு நம் நகரம் வந்தார். அவர்கள் ஆடுவது ரோவ். இரு வரிசையாக எதிரெதிர் நின்று, அருகில் நிற்பவள் இடையைக் கையால் வளைத்து, ஒரு வரிசை பாட்டால் வினவ, மறுவரிசை பாட்டால் விடை கூறி, அலை வந்து மீள்வது போல முன்னும் பின்னும் அடிபெயர்த்து ஆடும் ஆடல் அது. ரபாப் என்னும் நரம்புக் கருவியும், கக்கத்தில் இடுக்கித் தட்டும் மண்பறையும் அதற்குத் துணை.

நம் அவையிலோ, அரியணைக்கு எவரும் முதுகு காட்டலாகாது என்பது பழைய விதி. போர்க்களத்தில் புறமுதுகிட்டவனுக்காக எழுந்த விதி அது. ஆடரங்கில் நிற்பவளுக்காக அன்று. அதை எண்ணிப் பாராத திண்ணியனார், எதிரெதிர் நின்றால் ஒரு வரிசையின் முதுகு வேந்தருக்கு நேராகுமே என்று பதைத்து, அனைவரையும் ஒரே வரிசையாக்கி அரியணை நோக்கி நிறுத்தினார்.

போஷ்மால் கலங்கினார். ஊரில் மகளுக்கு மணம். தாய்வீட்டு மகளிர் கூடி மணப்பாட்டைப் பாடினாலன்றி, அவர் ஊரில் மணப்பெண் வாசல் கடப்பதில்லை. பனி மூடுமுன் கணவாயைத் தாண்டியாக வேண்டும். ஆகவே, இயன்றதை ஆடிவிட்டுப் புறப்படலாம் என்றெண்ணி முதற்கேள்வியைப் பாடினார். எதிரே விடை இல்லை. அசையாமல் வீற்றிருக்கும் அரசவைதான் இருந்தது. மீண்டும் பாடினார். குரல் தூண்களில் மோதி அவரிடமே திரும்பியது. அதன்பின் அவருக்கு வாய் எழவில்லை. இருந்த இடத்திலேயே அமர்ந்தார். அவரோடு பிணைந்து நின்ற தோழியரும் அமர்ந்தனர். பறை தானாக அடங்கிற்று.

திண்ணியனார் அதை அவமதிப்பு என்று கொண்டு, ஆடிக் காட்டும் வரை இவர்கள் நாடு கடக்கலாகாது என்று அன்றே உமக்கு ஓலை போக்கினார். மறுநாள் பெருந்தேவியார் அம்மகளிரை அவைக்கு வரவழைத்துக் காரணம் வினவினார். மொழிபெயர்த்தவர் உம் கணவாய்ச் சந்தையில் கம்பளி விற்பவர் ஆதலின், போஷ்மாலின் விடை சந்தைப் பேச்சிலேயே வந்தது. அதை இங்கே திருத்தாமல் எழுதுவது, திருத்தத்தக்கது அதில் ஏதும் இல்லாமையால்.

“தாயே, நாங்க யாருக்கும் முதுகு காட்டல. எதிர்ல நிக்கிற அக்காளுக்கு முகம் காட்டுறோம். கேள்வி கேக்கிறவளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்ல? உங்க ராசா பாட்டுல பதில் சொல்றதா இருந்தா, நாங்க ஒரே வரிசையா நிக்கிறோம்.”

வேந்தரின் மீசை சற்றே அசைந்ததை அருகிருந்தோர் கண்டனர். தமக்குப் பாட வராது என்பது நாடறிந்த செய்தி என்று அவர் மொழிந்தார். திண்ணியனார் விடவில்லை. ஒரு வரிசை அரங்கில் ஆடலாம், மற்றொன்று திரைக்குப் பின்னே நின்று விடை பாடலாம் என்று வழி கூறினார்.

அவர் கூறி முடிக்குமுன் பெருந்தேவியார் இருக்கையை விட்டு இறங்கினார். போஷ்மாலுக்கு எதிரே அவர்தம் தோழியர் சிலரை நிறுத்தி, தாமும் அவர்கள் நடுவே புகுந்து, இருபுறமும் இடை வளைத்து நின்றார். நாச்சியாரின் முதுகு அரியணைக்கு நேரானது. திண்ணியனார் தரையைப் பார்த்தார்.

போஷ்மால் பாடினார். பெருந்தேவியாருக்கு விடை தெரியாது. அடி தவறிப் பக்கத்தவள் காலை மிதித்தார். வரிசை சிரித்தபடியே பின்வாங்கி, சிரித்தபடியே முன்வந்தது. முந்தைய நாள் வாய் எழாது அமர்ந்த போஷ்மால், அன்று தம் ஊர் முற்றத்தில் நிற்பவர் போலப் பாடினார். வேந்தரோ ஆடல் முடியும் வரை தம் தேவியின் முதுகையே பார்த்திருந்தார். தேவியின் பின்னலில் நரையிழை ஒன்று ஓடுவதை அன்றுதான் கண்டதாகப் பின்னர்க் கூறினார்.

ஆதலின் வேந்தர் கட்டளையாவது: முந்தைய ஓலை செல்லாது; அதை உம் கணப்பிலிட்டுக் குளிர் காய்க. இவ்வோலையைக் கையிற்கொண்டு வரும் போஷ்மாலையும் தோழியரையும் கண்டவுடன் கதவு திறக்க. சுமைக்குக் குதிரையும், பனி விழுந்திருப்பின் வழி வெட்ட ஆளும் தருக. மணப்பாட்டு அவர்களுக்காகக் காத்திருக்கும், பனி காத்திராது. திண்ணியனார் தம் பதவியில் நீடிப்பார். ஆடல் நாளில் அரியணையை அரங்கின் பக்கவாட்டில் இடுவிக்கும் பணி இனி அவருடையது.

மற்றொன்று. நாடு நீங்குவோர், உம் வாயிலின் மேலுள்ள அரசச் சின்னத்தை நோக்கியவாறே பின்னடி வைத்துச் செல்லும் வழக்கத்தை இவர்களிடம் எதிர்பாராதீர். அவர்கள் தங்கள் மலையை நோக்கியே நடக்கட்டும். அவர்தம் முதுகு கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்திருந்து, அதன்பின் கதவடைக்க.

வெண்சிகர முத்திரை இட்டு, வேந்தர் முன் வாசித்து, அவர் தலையசைத்தபின் கட்டப்பட்டது இவ்வோலை. காவல் சிறக்க, கணவாய் திறக்க.