அச்சில் வந்த கை

ஒதியம்பட்டு

அன்பு மகன் புகழ்வேந்தனுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் சரண்யாவும் நோயலும் பிரான்சில் சுகம்தான் என்று நீங்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து நாங்களே முடிவு செய்துகொண்டோம். போனில் வாயைத் திறந்ததுமே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், இதை உன்னால் பாதியில் கட் பண்ண முடியாது.

பார்சல் வந்தது. குழந்தையின் பழைய சட்டையாக இருக்கும், மோந்தாவது பார்க்கலாம் என்று அம்மா ஆசையாகப் பிரித்தாள். உள்ளே இருந்தது நோயல் கையை வைத்து நீங்கள் எடுத்த சிலிக்கான் அச்சு. இதில் மெழுகு ஊற்றி வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்யலாம், பேரன் கையைப் பிடித்த மாதிரியே இருக்கும் என்று சரண்யா போனில் சொன்னாள். நல்ல யோசனைதான். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட நாங்கள் தூக்கிப் பார்க்காத பேரனை இனி வேண்டும்போதெல்லாம் ஊற்றி எடுத்துக்கொள்ளலாம்.

சும்மா சொல்லக்கூடாது, உன் அம்மா ஒழுங்காகத்தான் செய்தாள். வில்லியனூர் கடையில் கட்டி மெழுகு வாங்கி, கொதிக்கிற தண்ணீரில் டின்னை வைத்து உருக்கி, திரியை மெழுகில் நனைத்து விறைப்பாக்கி நடுவிரல் வழியாக நிறுத்தி ஊற்றினாள். முதல் தடவை ஆறுவதற்குள் அவசரப்பட்டு உரித்ததில் சுண்டுவிரல் அச்சுக்குள்ளேயே ஒடிந்துபோனது. ஐயோ எம்புள்ள விரலு என்று அவள் அழுததை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்தது பழுதில்லாமல் வந்தது, நகம், ரேகை எல்லாம் அப்படியே. ஆனால் கொளுத்த மாட்டேன் என்றுவிட்டாள், பேரன் விரலில் யாராவது நெருப்பு வைப்பார்களா என்று என்னைக் கேட்கிறாள்.

அந்தக் கையை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எடுத்துப்போய் கல் குகை மாதிரிக் கட்டியிருக்கிற மாதா கெபியில் வைத்தாள். பேரனையே மாதா காலடியில் வைப்பதாக அவள் நினைப்பு. கெபியில் மெழுகுக் கை வைத்தால் ஊரில் என்ன அர்த்தம் என்பது உனக்கு மறந்திருக்காது, கால் நோவுக்குக் கால், கை நோவுக்குக் கை என்று நேர்ந்து வைப்பது. பூசை முடிந்து வெளியே வருவதற்குள் பேச்சு பரவிவிட்டது. பக்கத்து வீட்டு முத்துக்குமரன் பெண்டாட்டி ஓடிவந்து, ஏங்க்கா, பேரப்புள்ள கைக்கு இன்னா ஆச்சு, அதான் ஊருக்கே இட்டுக்கினு வராம இருக்காங்களா என்றாள். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். உன் அம்மா முந்திக்கொண்டு, ஆமாண்டி, கை சரியில்ல, பிளேன்ல ஏத்தக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு என்றாள். கோயில் வாசலிலேயே சொன்னாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். பெத்த புள்ளைக்கு வர மனசில்லன்னு சொல்றதுக்கு இது தேவலையே என்றாள்.

இப்போது சாமியார் பூசையில் நோயல் பேரைச் சொல்லி மன்றாடுகிறார், ஊரே முழங்காலில் நிற்கிறது, உன் அம்மாவும் தலை குனிந்து ஆமென் சொல்கிறாள். எனக்கு உன்மேல்தான் கோபம், குழந்தைமேல் இல்லை. அவன் கைக்கு ஒரு குறையும் வராமல் மாதா காக்கட்டும். அங்கே குளிர் என்கிறார்கள், வெளியே போகும்போது கையுறை போட்டுவிடு. சரண்யாவுக்கும் எங்கள் ஆசீர்.

இன்னொரு அச்சு அனுப்பாதே. அச்சு வளராது, அவன் கை வளர்ந்துவிடும். சுண்டுவிரல் இல்லாத அந்த முதல் கையை அம்மா துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். கிறிஸ்மசுக்கு அவனை அழைத்து வந்தால் மாதா புதுமை செய்து கையைக் குணமாக்கினாள் என்று ஊர் சொல்லிக்கொள்ளும், உன் அம்மாவின் பொய்யும் அதோடு போகும். வர முடியாது என்றால், அடுத்து குழந்தையின் எந்த உறுப்புக்கு நோய் என்று நாங்கள் சொல்ல வேண்டும் என்பதை மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
சூசைநாதன்